ஒலிக்காத எழுத்துகளின் வரலாறு

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு இலங்கை மலையகத்தின் அட்டனில் ஆங்கிலம் கற்பிக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, ஒலிக்காத எழுத்தை ஏன் எழுத வேண்டும் என்பதுதான். "ஆங்கிலம் அப்படித்தான், மனப்பாடம் செய்" என்ற விடையை நான் ஏற்பதில்லை. அந்த எழுத்து எப்படி வந்தது என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை.

போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' (knight) என்ற சொல்லின் முதலில் நிற்கும் 'கே'யும் நடுவில் நிற்கும் 'ஜி', 'எச்' இரண்டும் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தவை. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெறத் தொடங்கியது. ஆனால் அதே காலப்பகுதியில் நெட்டுயிர்களின் உச்சரிப்புப் பெரிதும் மாறிக்கொண்டிருந்தது, சில மெய்கள் பேச்சிலிருந்தே மறைந்துபோயின.

கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) என்ற சொல்லின் கதை வேறு. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலமான 'டெபிடும்' தெரியவேண்டும் என்று விரும்பிய அறிஞர்கள் பிற்காலத்தில் அதைச் செருகினார்கள். ஆங்கிலேயர் எவரும் அதை உச்சரிக்கவில்லை. இந்தச் சொல்லைக் கற்பிக்கும்போது நான் தேயிலைத் தோட்டங்களில் முன்பு இருந்த 'துண்டு' முறையையும் சொல்லாமல் விடுவதில்லை. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த அந்தத் தாளோடு, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு நம் முன்னோரின் கடனும் சேர்ந்தே போனது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. துரைமாரின் ஆங்கிலத்தில் 'துண்டு' தமிழ்ச் சொல்லாகவே எழுதப்பட்டது. தொழிலாளரை மேற்பார்வை செய்தவரைக் குறித்த 'கங்காணி'யும் அவ்வாறே ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலம் சென்றதை நம்மவர் பெருமையோடு சொல்வார்கள். எனக்கோ, நம் மக்களின் துயரத்தைச் சுமந்து சென்ற 'துண்டு'தான் பிள்ளைகள் முதலில் அறியவேண்டிய சொல்.

தமிழில் எழுதியபடியே வாசிக்கலாம் என்பதும் முழு உண்மையன்று. கல், தங்கம், அகம் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலிகள் மூன்று. இடமறிந்து ஒலிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருப்பதால், ஆங்கிலத்தைக் கண்டு அவர்கள் அஞ்சத் தேவையில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினரிடம் கேட்டுத் தூளின் தரப் பெயர்களை எழுதிவரும்படி மாணவர்களிடம் சொல்வதுண்டு. 'பி.ஓ.பி.' (BOP, Broken Orange Pekoe) என்ற தரப் பெயரின் கடைசி எழுத்துக் குறிக்கும் 'பெக்கோ' தென்சீனப் பேச்சிலிருந்து வந்தது. கொழுந்தின் அரும்பில் படர்ந்திருக்கும் வெண்ணிற மென்மயிரே அதன் பொருள் என்றால், கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 'ஃபன்னிங்ஸ்' என்ற தரப் பெயருக்கு அடியான 'ஃபேன்', தானியம் புடைக்கும் சுளகைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'டஸ்ட்' என்ற தரப் பெயரோ பழைய ஆங்கிலத்துக்கே உரிய சொல்.