"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும்

என் போர்ட்ஃபோலியோவின், அதாவது நான் செய்த வேலைகளைக் காட்டி வேலை கேட்கும் வெப்சைட்டின், முகப்புப் பக்கத்தைக் கட்டி முடித்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் 16 பேருக்கு லிங்க் அனுப்பினேன். கூடவே ஒரே ஒரு வரி: "எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லுங்க." காலையில் எழுந்து பார்த்தால் 11 பதில்கள். ஒன்பது "சூப்பர்", ஒரு கைதட்டல் எமோஜி, அப்புறம் சித்தியிடமிருந்து "வாழ்க வளமுடன்". அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

நான் படித்தது பி.காம். வெப் டிசைன் கற்றுக்கொண்டது பாதி ஒரு பயிற்சி மையத்தில், பாதி யூடியூபில். பயிற்சி மையத்தில் பக்கத்தைக் காட்டியபோது "அனிமேஷன் இன்னும் கொஞ்சம் சேர்த்தா தூக்கலா இருக்கும்" என்றார்கள். சேர்த்தேன். அந்த லிங்கை வைத்து இருபது இடங்களுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன். ஒரு போன்கூட வரவில்லை. அத்தனை பேர் சூப்பர் சொன்ன பக்கத்துக்கு என்ன குறை என்று எனக்குப் புரியவே இல்லை.

புரிய வைத்தவர் பெரியப்பா. சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டி.டி.பி., அதாவது அச்சுக்குப் போகும் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வேலை பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், நோட்டீஸ் என்று இருபத்தைந்து வருஷமாக அதே நாற்காலி. வெப்சைட் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்ததால்தான் அந்த 16 பேரில் அவரைச் சேர்க்கவில்லை. ஒரு நாள் மதியம் டீக்கடை வாசலில் நிற்கும்போது சும்மா போனை நீட்டினேன். ஆனால் இந்த முறை, ஏதோ நல்ல நேரம், கேள்வி வேறு மாதிரி வந்துவிட்டது. "பெரியப்பா, உங்க பிரஸ்ஸுக்கு ஒரு வெப்சைட் வேணும்னு வச்சுக்கோங்க. இந்தப் பொண்ணுகிட்ட வேலையைக் கொடுக்கலாமா, பாருங்க."

முதலில் போனைச் சாய்த்தார். பிறகு கையால் வெயிலை மறைத்தார். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட வெளிர் சாம்பலில் நான் எழுதியிருந்த அறிமுகம் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. மேலே கொட்டை எழுத்தில், டிஜிட்டல் அனுபவங்களைச் செதுக்குகிறேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "செதுக்குறதுன்னா? கல்லு வேலையா பாப்பா?" என்றார். நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

கீழே தள்ளினார். ஒரு பேக்கரிக்காக நான் செய்த மாதிரித் தளத்தின் படத்தைத் தொட்டார். திறக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை அழுத்தித் தொட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "படத்துல இல்ல பெரியப்பா, கீழ சின்னதா ஒரு பட்டன்..." என்று ஆரம்பித்தேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நான் வேலை கொடுக்க வந்த ஆளு. அங்கெல்லாம் நீ பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டு இருப்பியா?" கடைசியாக போன் நம்பரைத் தொட்டார். நம்பர் எழுத்தாக மட்டும் இருந்தது, தொட்டால் கால் போகிற மாதிரி நான் இணைக்கவே இல்லை.

போனைத் திருப்பித் தரும்போது, "பத்திரிகையைக் கையில வாங்கினதும் யாருக்குக் கல்யாணம், என்னைக்கு, எந்த மண்டபம்னுதான் கண்ணு தேடும். பூ டிசைனை அப்புறம்தான் பார்ப்பாங்க. நீ பூவை மட்டும் அடிச்சு வச்சிருக்க" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த மூன்று நிமிஷத்தில் கிடைத்தது, அந்த 11 பதில்களில் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரிடம் காட்டினாலும் கருத்துக் கேட்பதை விட்டுவிட்டேன். வேலை கொடுத்துவிட்டுப் பார்ப்பேன். லேப்டாப்பில் பக்கத்தை 5 விநாடி மட்டும் காட்டி மூடிவிட்டு, "நான் என்ன வேலை செய்யுறேன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். பிறகு போனைக் கொடுத்து, "எனக்கு ஒரு வேலை கொடுக்கணும்னா அடுத்து எங்க தொடுவீங்க?" என்பேன். கடைசியாக, "இதுல ஒண்ணைத் தூக்கணும்னா எதைத் தூக்குவீங்க?" இந்த மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். குறை சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட, எதைத் தூக்கலாம் என்று கேட்டால் தயங்காமல் சொல்கிறார்கள். இடையில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்ல நாக்குத் துடிக்கும் இடத்தில்தான் தப்பு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேரிடம் காட்டுவது? வெப்சைட்டை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், 5 பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று 2000-லேயே எழுதியிருக்கிறார். எனக்கு நாலாவது ஆளிலேயே பழைய குறைகள் திரும்ப வர ஆரம்பித்தன. ஒரு நோட்டில், அவர்கள் சொன்னதை ஒரு பக்கமும் செய்ததை இன்னொரு பக்கமும் எழுதினேன். ஒருவர் "எல்லாம் ஈஸியா இருக்கு" என்றார். ஆனால் தொடர்புப் பகுதியைத் தேடி இரண்டு முறை மேலும் கீழும் போனார். இந்த மாதிரி நேரத்தில் நோட்டின் "செய்தது" பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். "நீலத்துக்குப் பதிலா பச்சை வைக்கலாமே" என்பது ஒருவரின் ரசனை, அது காத்திருக்கட்டும். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

தொழில் தெரிந்த ஒருவரிடமும் கட்டாயம் காட்ட வேண்டும், ஆனால் இதற்கெல்லாம் பிறகு. சென்னையில் ஃப்ரண்ட் எண்ட், அதாவது வெப்சைட்டில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்டும் வேலை பார்க்கும் காலேஜ் சீனியர் அக்கா ஒருவர், அரை மணி நேரம் ஸ்க்ரீன் ஷேரில் உட்கார்ந்தார். பெரியப்பா கையால் வெயிலை மறைத்ததற்கு அவரிடம் கணக்கு இருந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை விதி, அதாவது பார்வை மங்கியவர்களும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான விதி. என்னுடைய சாம்பல் 3-ஐக்கூடத் தொடவில்லை. வெள்ளைப் பின்னணியில் #767676 வைத்தால் மயிரிழையில் தேறும். நான் வெயிலை நினைத்து #595959-க்குப் போய்விட்டேன்.

அடுத்தது மேலே இருந்த பெரிய படம். 4 எம்.பி. அதோடு, எங்கேயோ படித்ததை வைத்து எல்லாப் படங்களுக்கும் லேசி லோடிங் போட்டிருந்தேன், அதாவது கீழே தள்ளி அருகில் வரும்போதுதான் படம் இறங்கும். பக்கம் திறந்ததும் முதலில் தெரிய வேண்டிய படத்துக்கு அதைப் போடவே கூடாதாம், அது தாமதத்தைத்தான் கூட்டும். முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. படத்தை வெப்பி (WebP) என்ற, குறைந்த இடம் பிடிக்கும் பட வடிவத்துக்கு மாற்றி, திரைக்குத் தேவையான அகலத்துக்குச் சுருக்கியதும் 200 கே.பி.க்குள் வந்துவிட்டது.

அப்புறம், எனக்கு எது எவ்வளவு தெரியும் என்று காட்டும் என் திறமைப் பட்டைகள். ஹெச்.டி.எம்.எல். 90 சதவீதம், சி.எஸ்.எஸ். 80 சதவீதம் என்று போட்டிருந்தேன். "மீதி 10 சதவீதத்தை எங்க விட்ட?" என்று கேட்டுச் சிரித்தார். அழித்துவிட்டேன். ஓடிடி தளத்தின் நகலாகச் செய்த பயிற்சித் தளமும் போனது. எல்லாரும் வைத்திருப்பதைக் காட்டி என்ன பயன்? மூன்றே மூன்று வேலைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன பிரச்சினை, நான் எந்தப் பகுதியைச் செய்தேன் என்று நாலு வரி எழுதச் சொன்னார்.

தமிழில் பக்கம் செய்கிறவர்களுக்காக ஒன்று. தலைப்பைத் தமிழுக்கு மாற்றியபோது பாப்பின்ஸ் எழுத்துருவை அப்படியே விட்டிருந்தேன். அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதனால் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் இருக்கிற தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொண்டது: விண்டோஸில் ஒரு முகம், ஆண்ட்ராய்டில் இன்னொரு முகம். தமிழ் உள்ள முக்தா மலர் எழுத்துருவுக்கு மாறிய பிறகுதான் எல்லா இடத்திலும் ஒன்றாகத் தெரிந்தது. ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 வரி உயரத்தில், மேல் வரியின் "கு"வும் கீழ் வரியின் "கி"யும் இடித்துக்கொண்டன. 1.6 வைத்ததும் மூச்சுவிட இடம் கிடைத்தது.

புதிய தலைப்பு இது: "சிறு கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் வெப்சைட் செய்து தருகிறேன்." அதற்குக் கீழே நம்பர், தொட்டால் கால் போகும். இந்தத் தடவை பெரியப்பாவின் போனிலேயே திறந்து கொடுத்தேன். அதே டீக்கடை, அதே மதிய வெயில். இந்த முறை கையை வைத்து மறைக்கவில்லை. நேராக நம்பரைத் தொட்டார், என் பையில் போன் அடித்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொடர்புக்கு-ல ஒரு 'க்' விட்டிருக்க பாப்பா" என்றார்.

ஏழு பேர் பார்த்த பக்கம் அது. சீனியர் அக்கா உட்பட.