கடிவாளம் தளர்ந்த பெப்ரவரி

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

நாலரைக்கே எழும்பி வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்தேன். லாயம் நகருக்கு வெளியே, வயல் பக்கம். கொழும்புப் புழுக்கத்தில் குதிரை சீக்கிரம் களைத்துவிடும். எட்டு மணிக்குள் சவாரி முடிய வேண்டும் என்பது எனக்குச் சவாரி பழக்கும் நானாவின் சட்டம்.

வேலிக்கு வெளியே இன்றுதான் முதல் முறை. ஆனால் முதலில் குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் நடுவே ரப்பர் போல முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கிறது. இரு பக்கப் பள்ளத்திலும் சேறும் பொடிக்கல்லும் அடைந்திருந்தன. கொக்கியைக் குதியிலிருந்து முன்பக்கமாக இழுக்க வேண்டும். திருப்பி இழுத்தால் மெத்தையில் குத்திவிடும். நான் குனிந்திருக்க, என் பெண் குதிரை, அவள் தன் பாரத்தில் கொஞ்சத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சூடு இன்னும் தோளில் இருக்கிறது.

வயல் ரோட்டில் நடை மட்டும். நாலு காலடியும் தனித்தனியாகக் கேட்டன.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று ட்ரொட், அதாவது துள்ளோட்டம். மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழுவதால் தாளம் இரண்டாகிவிடும். ஒரு தாளத்துக்குச் சேணத்திலிருந்து எழும்ப வேண்டும், அடுத்ததற்கு இருக்க வேண்டும். பிடிபட்டதும் என்ன சந்தோஷம்!

திரும்பும்போது முள்ளுக்கம்பியில் மாட்டிய சொப்பிங் பை ஒன்று படபடத்தது. அவள் பக்கவாட்டில் துள்ளினாள். நான் முழங்காலை இறுக்கி, கடிவாளத்தை இழுத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டேன். மூன்றுமே பிழை. “தங்கச்சி, மூச்சை விடுங்க! நீங்க பயந்தா அது பயப்படாம என்ன செய்யும்?” என்று நானா பின்னாலிருந்து கத்தினார்.

விட்டேன். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவரத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்குப் பின்னாலும்தான் தெரியாது. ஆகவே தலையைத் திருப்பி, பையை ஆறுதலாகப் பார்க்கவிட்டோம். பார்த்தாள், மூக்கால் ஊதினாள், நடந்தாள்.

அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நாட்களில் நான் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர்களுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெப்ரவரி 12, போயா (பௌர்ணமி)

விடுமுறை. கொழும்பு 7 ரேஸ்கோர்ஸ் பக்கம் நடந்தேன். 1893இல் திறந்த குதிரைப் பந்தயத் திடல். 1942இல் அது விமான ஓடுதளமாகி, ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு வீசியபோது பிரித்தானியரின் ஹரிகேன் போர் விமானங்கள் இங்கிருந்தும் எழும்பின. 1956இல் பந்தயம் நின்றது. இப்போது கடைகளும் ரக்பியும். நானாவின் வாப்பா சின்ன வயதில் இங்கே குதிரை தேய்த்தவராம். பந்தயப் பணத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லையாம், எந்தக் குதிரைக்கு எங்கே சொறிந்தால் பிடிக்கும் என்பதைத்தான் பேசுவாராம். எனக்கு அது போதும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

அதே வேலி, அதே பை. தூரத்திலேயே கழுத்து நிமிர்ந்தது. நான் பையைப் பார்க்காமல் ரோட்டின் வளைவைப் பார்த்தேன், குதிகாலைத் தாழ்த்தினேன், நீளமாக மூச்சு விட்டேன். ஒரு காது பின்னால் என் பக்கம் திரும்பி நின்றது. கடிவாளத்தை ஒரு விரல் அளவு தளர்த்தினேன். காது முன்னால் போனது.

அப்புறம் லாயத்தில் குளிப்பாட்டினோம். சேணம் இருந்த இடத்தில் தண்ணீர் பட்டதும் மேலுதட்டை நீட்டி, இன்னும் என்று கேட்டாள்.