விளக்கு எரியுது, டோக்கன் தெரியலை

மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைப் போட்டாக வேண்டும். எங்கள் பனியன் கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்பதால், டிஎஸ்சி டோக்கனை, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென் டிரைவ் மாதிரியான கருவியை, லேப்டாப்பில் செருகிக் கையெழுத்துப் போட வேண்டும். போன தடவை கடைசி நாள் மத்தியானம் பார்த்து, லேப்டாப்பின் இடது பக்க யூஎஸ்பி போர்ட் கைவிட்டது. டோக்கனில் இருக்கும் குட்டி விளக்கு ஜம்மென்று எரிகிறது. சாஃப்ட்வேரோ டோக்கனே இல்லை என்கிறது.

வலது பக்கம் இருந்த மவுஸைக் கழற்றிவிட்டு, டோக்கனை அங்கே போட்டு வேலையை முடித்தேன். டோக்கன் நல்லாத்தான் இருக்கிறது, பழுது போர்ட்டில் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். கீழே துணி செக்கிங் பார்க்கும் தம்பி, “ஃபார்மேட் அடிச்சுருங்கக்கா” என்றான். எதற்கெடுத்தாலும் அவனுக்கு ஃபார்மேட்தான். போனில் கேட்ட சர்வீஸ் கடைக்காரர் லேப்டாப்பைப் பார்க்காமலே, “மதர்போர்டு போயிருக்கும்ங்க” என்றார். எல்லோரும் சொன்ன ஒன்று: “லைட் எரியுதுல்ல, அப்ப போர்ட் நல்லாத்தான் இருக்கு.”

எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. சாதாரண யூஎஸ்பி பிளக்கின் உள்ளே நான்கு தகடுகள் இருக்கும். ஓரத்து இரண்டும் 5 வோல்ட் கரண்டுக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் டேட்டாவுக்கு. விளக்கு எரிந்தால் ஓரத்துத் தகடுகள் தொடுகின்றன என்று மட்டும்தான் அர்த்தம். மவுஸை இடது பக்கம் போட்டாலும் அதே கதை. அடியில் சிவப்பு வெளிச்சம் வருகிறது, திரையில் அம்புக்குறி நகரவில்லை. செருகும்போது விண்டோஸ் ஒரு சத்தம் கொடுக்குமே, அதுவும் இல்லை. ‘இந்தக் கருவியை அடையாளம் தெரியவில்லை’ என்ற எச்சரிக்கையாவது வந்திருந்தால், டேட்டா கம்பி அரைகுறையாகத் தொடுகிறது என்றோ டிரைவர் கோளாறு என்றோ சந்தேகப்படலாம். இங்கே ஒரேயடியாக மௌனம்.

ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் இதுவும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸில் ஷட் டவுன் பழைய நிலையைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும், ரீஸ்டார்ட்தான் முழுசாகப் புதிதாகத் தொடங்கும். பலன் இல்லை. விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில், யூஎஸ்பி ரூட் ஹப் என்பதன் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை (கரண்டை மிச்சம் பிடிக்க போர்ட்டை அணைக்க விடுவது) எடுப்பது இன்னொரு வழி. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் போர்ட் தூங்கிப்போகிறது என்பவர்களுக்கு அது உதவும். செருகிய உடனேயே தெரியாத போர்ட்டுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

தம்பியின் ஃபார்மேட் பேச்சுக்கு முடிவு கட்டியது பயாஸ் திரை, லேப்டாப்பைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை. வெளிக் கீபோர்டு ஒன்றை இடது பக்கம் செருகி, பயாஸுக்குள் போய் அம்பு பட்டனை அழுத்தினேன். எதுவும் அசையவில்லை. வலது பக்கம் மாற்றினால் வேலை செய்தது. விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லாத இடம் அது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டு என்ன கிடைக்கப்போகிறது?

அப்போதுதான் கண்ணில் பட்டது: வலது பக்கம் முழுசாக உள்ளே போகும் அதே பிளக், இடது பக்கம் ஒரு நூலிழை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பிளக்கின் நடுத் தகடுகளைவிட ஓரத்துத் தகடுகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம். முதலில் கரண்ட் சேர்ந்து, பிறகு டேட்டா சேரட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பிளக் அந்த ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாவிட்டால் விளக்கு எரியும், டேட்டா தொடாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். என் மேஜைக்கு நேர் கீழே ஓவர்லாக் தையல் மிஷின்கள் ஓடுகின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனி மாடியில் உட்கார்ந்தால் டீ கிளாஸில்கூட பஞ்சு மிதக்கும். போர்ட்டின் அடிச்சுவரில் சாம்பல் நிறத்தில் அது அப்பியிருந்தது. ஒவ்வொரு முறை செருகும்போதும் பிளக்கே அதை உள்ளே தள்ளித் தள்ளி இறுக்கியிருக்கிறது.

மிஷின் துடைக்கும் ஏர் கன்னைத் தம்பி தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வேண்டவே வேண்டாம் என்றேன். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வரும், சில சமயம் ஆயிலும் வரும். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை முழுக்க அணைத்து, மரப் பல்குச்சியால் ஓரமாக நெம்பினேன். குண்டூசி, சேஃப்டி பின் எல்லாம் கூடாது, தகடுகள் ஷார்ட் ஆகிவிடும். முதலில் ஓரிரு நூல்தான் வந்தது. அப்புறம் ஒரு துணுக்கு, அழுத்திய கம்பளம் மாதிரி, போர்ட்டின் சதுர மூலை வடிவத்திலேயே அப்படியே கழன்று வந்தது. உள்ளே நேவி ப்ளூ நூல் ஒன்று.

செருகினேன், சத்தம் வந்தது.

பிளக் முழுசாகப் போயும் இதே மௌனம் என்றால், கடைக்குப் போகத்தான் வேண்டும். போனால், போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறதா, ரிப்பன் கேபிளில் வரும் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல லேப்டாப்களில் ஒரு பக்கத்து போர்ட்டுகள் அந்தச் சின்ன போர்டில்தான் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், மதர்போர்டுக்குக் காசு அழ வேண்டியதில்லை.