வைல்டரின் ஒரே ஒரு படம்

ஜூன் 4

இம்மாதம் 22ஆம் தேதி ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் பிறந்த நாள். அன்று மாலை எங்கள் சிறிய திரைப்படச் சங்கத்தில் அவருடைய படம் ஒன்றைத் திரையிடுவதென்றும், எந்தப் படம் என்பதை நானே சொல்ல வேண்டுமென்றும் செயலாளர் கூறிவிட்டார். கேட்டபோது எளிய காரியமாகத்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து தாளில் எழுதத் தொடங்கிய பிறகே சிக்கல் புரிந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பெர்லினை விட்டுப் பாரிசுக்கு ஓடி, மறு ஆண்டு அரைகுறை ஆங்கிலத்தோடு அமெரிக்காவில் வந்திறங்கிய இந்த மனிதர், 1942 முதல் 1981 வரை 25 படங்களை இயக்கியிருக்கிறார். அவற்றுள் ஏழெட்டையாவது தயக்கமின்றி முதலிடத்தில் வைக்கலாம். மீதியை இன்றே அடித்துவிட்டேன்.

ஜூன் 7

'சன்செட் புலவார்ட்' (1950) மீண்டும் பார்த்தேன். நீச்சல் குளத்தில் பிணமாக மிதப்பவனே கதை சொல்கிறான். பிணவறையில் பிணங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாகவே முதலில் தொடக்கத்தைப் படமாக்கியிருந்தார்கள். முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் சிரித்துவிட்டதால் வைல்டர் அதை வெட்டி எறிந்தார். மறக்கப்பட்ட மௌனப்பட நட்சத்திரமாக நடிக்கும் குளோரியா ஸ்வான்சன் உண்மையிலேயே மௌனப்பட நட்சத்திரம். வேலைக்காரராக வரும் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் உண்மையிலேயே அவரை இயக்கியவர். வீட்டுத் திரையில் அவள் தன் இளமையைப் பார்த்துப் பூரிக்கும் காட்சியில் ஓடுவது, ஸ்ட்ரோஹைம் பாதியில் நீக்கப்பட்ட 'குயின் கெல்லி'யின் துண்டு. இவ்வளவு கொடூரமான பொருத்தத்தை அவ்விருவரிடமும் எப்படிக் கேட்டுச் சம்மதம் வாங்கினார் என்று இன்றும் வியக்கிறேன். ஆயினும் படம் முடிந்ததும் எழுந்து சன்னலைத் திறக்கத் தோன்றியது. மதிக்கிறேன், அணுக்கமாக உணரவில்லை.

ஜூன் 9

'ஏஸ் இன் தி ஹோல்' நல்ல படம்தான். குகையில் சிக்கியவனைச் சீக்கிரம் மீட்க விடாமல் செய்தியை இழுத்தடிக்கும் நிருபனின் கதையைப் பிறந்த நாளன்று போட வேண்டுமா? 'சம் லைக் இட் ஹாட்' எல்லோரும் பார்த்துவிட்ட படம்.

ஜூன் 13

'தி அபார்ட்மென்ட்' (1960). நேற்று இரவு வரை இதுதான் என்று முடிவு செய்திருந்தேன். டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுன்டர்' படத்தில் காதலர்களுக்குத் தன் வீட்டை இரவல் தரும் நண்பன் ஒருவன் வருகிறான். அவர்கள் போன பிறகு அந்தப் படுக்கைக்குத் திரும்பும் அவன் எப்படிப்பட்டவன் என்று வைல்டர் யோசித்ததிலிருந்து பிறந்த கதை இது. ஜாக் லெமன் நடிக்கும் பாக்ஸ்டர், 31,259 பேர் வேலை செய்யும் காப்பீட்டு நிறுவனத்தில் 19ஆம் மாடியில் 861ஆம் எண் மேசைக்காரன். கலை இயக்குநர் அலெக்சாண்டர் ட்ரானர், பின்னால் போகப் போக மேசைகளின் அளவைக் குறைத்து, அவற்றில் உயரம் குறைந்தவர்களை உட்கார வைத்து, முடிவே இல்லாத கூடத்தை ஒரு படப்பிடிப்புத் தளத்துக்குள் உண்டாக்கினார். 31 ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு புரட்டியவன் என்ற முறையில் அந்தக் கூடத்தின் ஒலியே என்னை உள்ளே இழுத்துவிடுகிறது. மேலதிகாரியோடு தன் வீட்டுக்கு வந்துபோகும் பெண் யாரென்று உடைந்த கைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டே பாக்ஸ்டருக்குப் புரியவைக்கும் காட்சிக்கு வசனமே தேவைப்படவில்லை. ஐந்து ஆஸ்கர் கிடைத்ததில் அநீதி ஏதுமில்லை.

அந்த மேலதிகாரியாக நடித்தவர் ஃபிரெட் மக்மரே. அவர் முகத்தைப் பார்த்ததும், 16 ஆண்டுகளுக்கு முன்பு அவரே காப்பீட்டு முகவராக வந்த மற்றொரு வைல்டர் படம் நினைவுக்கு வந்தது. தூக்கம் போயிற்று.

ஜூன் 15

'டபுள் இன்டெம்னிட்டி' (1944). ஜேம்ஸ் எம். கெய்னின் நாவலை ரேமண்ட் சாண்ட்லரோடு சேர்ந்து, ஒருவரையொருவர் சகிக்க முடியாமல், வைல்டர் எழுதிய திரைக்கதை. (சாண்ட்லர் ஒரு காட்சியில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார், கண் இமைத்தால் தவறிவிடும்.) விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை என்ற பாலிசி விதிதான் கதையின் அச்சாணி. அந்தத் தொகைக்காக ஒருத்தியும் முகவன் நெஃபும் (மக்மரே) சேர்ந்து அவளுடைய கணவனைக் கொல்கிறார்கள். வேறு தாள் என்று நம்பி அந்தக் கணவன் கையெழுத்திடும் இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படிக்காமல் கையெழுத்திட்ட எத்தனை பேரை மேசைக்கு அப்பால் பார்த்திருக்கிறேன்!

எல்லோரும் மனைவியாக வரும் பார்பரா ஸ்டான்விக்கின் பொன்னிற டோப்பாவைப் பற்றியும், சன்னல் பட்டிகளின் நிழல் விழும் ஜான் சைட்ஸின் ஒளிப்பதிவைப் பற்றியும் பேசுவார்கள். நான் பார்த்தது எட்வர்ட் ஜி. ராபின்சன் நடிக்கும் கீஸ் என்ற கிளெய்ம் அதிகாரியை. நிறுவனத் தலைவர் அந்தக் கணவனின் இறப்பைத் தற்கொலை என்று சொல்லித் தொகையைத் தட்டிக் கழிக்கப் பார்க்கும்போது, தற்கொலைப் புள்ளிவிவரங்களை ஒரே மூச்சில் கொட்டி, மணிக்கு 15 மைல் வேகத்தில் போகும் ரயிலின் பின்புறத்திலிருந்து குதித்து எவனும் செத்ததில்லை என்று கீஸ் அவருடைய வாயை அடைக்கிறார். கிளெய்ம் பிரிவு மேசையை அறுவைச் சிகிச்சை மேசையாக நினைப்பவர் கீஸ். எங்கள் வேலையில் இப்படியொரு கௌரவம் இருப்பதை வேறு எந்தப் படமும் எனக்குக் காட்டவில்லை.

ஜூன் 16

நேற்று எழுதாமல் விட்டது. கீஸின் பையில் என்றுமே தீக்குச்சி இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் முகவன் நெஃப்தான் நகத்தால் உரசி அவருடைய சுருட்டைப் பற்றவைக்கிறான். கடைசியில் குண்டடிபட்டுக் கதவோரம் சரிந்து கிடக்கும் நெஃபின் சிகரெட்டுக்குக் கீஸ் குச்சி உரசுகிறார். நெஃபின் மரண தண்டனைக் காட்சியை விஷவாயு அறையோடு பெரும் செலவில் படமாக்கிய பிறகும் வைல்டர் அதை விலக்கிவிட்டு இந்தக் குச்சியோடு நிறுத்திக்கொண்டார். கொலையைச் செய்யத் தூண்டிய காதலைவிட, ஒரே அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த இருவருக்கிடையே இருந்த பிரியம் பெரிது என்பது அந்த ஒரு குச்சியில் தெரிகிறது. 'தி அபார்ட்மென்ட்' கடைசியில் ஆறுதல் தருகிறது. அதில் எனக்குச் சிறிது சந்தேகம் உண்டு. இதில் சந்தேகமே இல்லை.

ஜூன் 18

செயலாளரிடம் பெயரைச் சொன்னேன். ஏழு பரிந்துரைகளில் ஒரு ஆஸ்கரும் வாங்காத படத்தையா தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். ஆம் என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: இடைவேளை கூடாது. நெஃப் ஒலிப்பதிவுக் கருவியில் வாக்குமூலம் சொல்லச் சொல்ல அவனுடைய தோளில் இரத்தக் கறை பரவிக்கொண்டே வருகிறது. நடுவில் விளக்கைப் போட்டு வடை கொடுத்தால் அந்தக் கறை யாருடைய கண்ணிலும் படாது. 107 நிமிடந்தானே என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார். தேநீரும் வடையும் ஐந்தரைக்கே, படத்துக்கு முன்பு.