மில்க் ஷேக்கா, ஃப்ராப்பா?

கல்லாவில் இருந்த பெண் கேட்டது எனக்குப் புரியவே இல்லை. பாஸ்டன் பக்கம் வந்து மூன்றாவது மாதம். 2019 ஜூலை, நம்ம ஊர் மாதிரியே பிசுபிசுத்த ஒரு சனிக்கிழமை. மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பழைய ஐஸ்கிரீம் கடை வரிசையில் இருபது நிமிடம் நின்று, முன்னால் போய் "குக்கீஸ் அண்ட் க்ரீம் மில்க் ஷேக்" என்றேன், அதாவது ஓரியோ போட்ட ஷேக்.

"மில்க் ஷேக்கா, ஃப்ராப்பா?"

ஃப்ராப் என்றதும், காபிக் கடைகளில் ஐஸ் போட்டு அடித்துத் தருவார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு யாராவது காபி வாங்கித் தருவார்களா? "மில்க் ஷேக்தான்" என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. சரி என்று போய்விட்டாள்.

வந்தது பால். வெனிலா சிரப் கலந்து குலுக்கிய, மேலே நுரை கட்டிய, வெறும் பால். பாவம், எனக்காக இரண்டு ஓரியோவை நொறுக்கித் தூவியிருந்தாள். ஸ்ட்ராவில் உறிஞ்சினால் பால் மட்டும் ஏறியது, பிஸ்கட் அடியில் சேறாகத் தங்கியது. மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, இது நம்ம வீட்டுப் பால்" என்றாள். வரி சேர்த்து ஏழு டாலர் சொச்சம். வந்த புதிது என்பதால் அதை எழுபதால் பெருக்கிப் பார்க்கும் வியாதி வேறு இருந்தது.

திங்கட்கிழமை கணவர் ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்தார். இந்த வட்டாரத்துப் பழைய கடைகளில் மில்க் ஷேக் என்றால் பாலும் சிரப்பும் மட்டுமாம். ஐஸ்கிரீம் போட்டு அடித்தால் அது ஃப்ராப். பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டுக்குக் காரில் ஒரு மணி நேரம் போனால் அதே ஃப்ராப்புக்குப் பெயர் 'கேபினட்'. அலமாரி! "அந்தப் பொண்ணு கேட்டப்பவே தெளிவா சொல்லியிருக்கலாம்ல" என்றார். குடிக்கிற சாமானுக்கு அலமாரி என்று பேர் வைத்தவர்கள் இருக்கிற ஊரில் நான் எதற்குக் கூனிக் குறுக வேண்டும்? இருந்தாலும் அன்றைக்கு முழுக்க முகம் சூடாகத்தான் இருந்தது.

எனக்கு மில்க் ஷேக் என்றால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஜூஸ் கடைதான். 2011-ல் ஓரியோ இந்தியாவுக்கு வந்தது; நான் திருச்சியில் எம்.எஸ்ஸி சேர்ந்த வருஷம். அதுவரை க்ரீம் வைத்த சாக்லேட் பிஸ்கட் என்றால் எங்களுக்குப் போர்பன். கொஞ்ச நாளிலேயே அந்தக் கடையின் ஃப்ளெக்ஸ் போர்டில் 'ஒரியோ சேக்' என்று ஏறிவிட்டது, அந்த எழுத்துப்பிழையோடு.

கடைக்கார அண்ணன் ஃப்ரீசரைத் திறந்து, கல்லாக உறைந்த ஆவின் பால் பாக்கெட்டை எடுப்பார். சிமெண்டுத் தரையில் ஒரு சாத்து. திருப்பிப் போட்டு இன்னொரு சாத்து. பாக்கெட் கிழியாது, உள்ளே மட்டும் உடையும். அந்தக் கணக்கு அவர் கைக்குத் தெரியும். ஓரத்தை வெட்டிப் பால் கட்டிகளை ஜாரில் கொட்டி, சர்க்கரை, ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம், கடைசியில் பிஸ்கட். மிக்ஸி முதலில் சல்லி அரைப்பது போலக் கத்தும். அப்புறம் குரல் இறங்கி ஒரே சீராக ஓடும். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தபிறகும் ஜாரைக் கழுவப் போடமாட்டார். நாம் பாதி குடித்ததும் வந்து மிச்சத்தை ஊற்றுவார். "குடிம்மா, ஜார்ல வச்சு நான் என்ன பண்ணப் போறேன்." பாதிக் காசுதான் இருக்கிறது என்று இரண்டு பேர் ஒரு ஷேக்கைப் பகிர்ந்தால், இரண்டு டம்ளரிலும் மிச்சம் விழும்.

வீட்டிலேயே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். இறங்கியபிறகுதான் ஒவ்வொன்றாக எதிரில் வந்து நின்றது. ஊரிலிருந்து சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த மிக்ஸிக்கு 230 வோல்ட் வேண்டும்; இங்கே சுவரில் வருவது 120. அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. காய்ச்சலில் எழுந்தவன் நடப்பது மாதிரி அது சுற்றியது. வால்தம் என்ற பக்கத்து ஊரில் உள்ள இந்திய மளிகைக் கடையில் இங்கத்து கரண்டுக்கு ஏற்ற மிக்ஸி வாங்கும்வரை சட்னிக்கும் அதே கதிதான்.

அப்புறம் ஐஸ்கிரீம். இருப்பதிலேயே பெரிய டப்பா, மலிவு விலை, சந்தோஷமாகத் தூக்கி வந்தேன். அடித்தால் தண்ணீர். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எங்குமே ஐஸ்கிரீம் என்று போடவில்லை, 'ஃப்ரோசன் டெய்ரி டெசர்ட்' என்றிருந்தது. இந்த நாட்டில் ஐஸ்கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் பால் கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒரு கேலன் நாலரைப் பவுண்டாவது எடை நிற்க வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு 540 கிராம். சட்டப்படி செய்த ஐஸ்கிரீமிலேயே பாதி காற்று இருக்கலாம் என்றால், நான் வாங்கி வந்தது என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் குடியிருப்பது பாஸ்டனை ஒட்டிய சாமர்வில். 1973-ல் ஸ்டீவ் ஹெரல் என்பவர் இதே ஊரில் ஐஸ்கிரீம் கடை போட்டு, மெஷினை மாற்றியமைத்துக் காற்றைக் குறைத்து, கெட்டியான ஐஸ்கிரீம் விற்றார். ஓரியோவையும் டாஃபியையும் நொறுக்கி அதில் பிசைந்து கொடுத்ததும் அவர்தான். ஜனங்கள் தெருவில் வரிசை நின்றார்களாம். 1977-லேயே கடையை விற்றுவிட்டார். குக்கீஸ் அண்ட் க்ரீமை முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று தெற்கு டகோட்டாவில் ஒரு பல்கலைக்கழகமும் சொல்லிக்கொள்கிறது. நான் சாமர்வில் கட்சி. வாடகை கொடுக்கிற ஊரை விட்டுக்கொடுக்க முடியுமா?

நல்ல ஐஸ்கிரீம் வாங்கிப் போட்டேன். கெட்டியாக வந்தது, மகள் குடித்தாள், கணவர் டம்ளரை விரலால் வழித்தார். எனக்கு மட்டும் அது அதுவாக இல்லை.

குற்றம் பாலில்தான் என்று முடிவு கட்டினேன். இந்தப் பாலோடு எனக்கு ஆரம்பத்திலிருந்தே தகராறு. சிவப்பு மூடி போட்ட ஒரு கேலன் கேன். முழுப்பால் என்று பெயர், கொழுப்பு மூன்றேகால் சதவீதம். வீட்டில் அம்மா வாங்கும் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் ஆறு. இங்கே கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்துப் பாலோடு கலந்துவிடுகிறார்கள், அது பிரிந்து மேலே வராது. காய்ச்சி ஆறவைத்தால் ஆடை என்ற பெயரில் ஒரு சவ்வு. கரண்டியால் எடுத்துச் சர்க்கரை தொட்டுப் பிள்ளை வாயில் வைக்க முடியுமா அதை? காய்ச்சவே வேண்டாம், அப்படியே குடிக்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் இன்றுவரை காய்ச்சுகிறேன். குடிவந்த அன்று பால் காய்ச்சிப் பொங்கவிட்டதில் புகை அலாரம் அடித்து, கணவர் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறியதுதான் எங்கள் புதுமனைப் புகுவிழா. பாஸ்டனில் குழந்தைகள் அருங்காட்சியக வாசலில் நாற்பது அடி உயரத்துக்கு ஒரு பால் பாட்டில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பாலுக்குக் கோயில் மாதிரி. மூலவர்தான் தண்ணியாக இருக்கிறார்.

பிஸ்கட்டிலாவது பால் இருக்கிறதா என்றால் அதுவும் கிடையாது. அம்மா போனில் "அதுல முட்டை கிட்டை இருக்கப் போவுதுடி, பாத்து வாங்கு" என்றதால் ஓரியோ பாக்கெட்டை எழுத்தெழுத்தாகப் படித்தேன். முட்டை இல்லை. பாலும் இல்லை. நடுவில் இருக்கிற வெள்ளைக்கு க்ரீம் என்று நேராக எழுதாமல் எழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். 1912-ல் நியூயார்க்கில் பிறந்த பிஸ்கட், பிறந்த ஊரிலேயே அதற்கு இந்த நிலைமை.

விடை கிடைத்தது ஒரு ஜனவரியில். கணவர் கடையிலிருந்து வந்தவர் பால் கேனைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு மறந்துபோனார். இரவு மைனஸ் பன்னிரண்டு. காலையில் கேன் உப்பி, பாறையாக நின்றது. திட்டிக்கொண்டே தூக்கிப் போய்த் தரையில் வைத்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் எனக்கு அண்ணனின் கை ஞாபகம் வந்தது. பாக்கெட்! அந்த ஷேக்கில் தண்ணீர் ஐஸே கிடையாது, ஐஸ்கிரீமும் பேருக்குத்தான். கெட்டி முழுக்க உறைந்த பாலில் இருந்தது.

அன்று மாலையே ஜிப் வைத்த பைகளில் அரை லிட்டர் அரை லிட்டராகப் பால் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் தட்டையாகப் படுக்கவைத்தேன். மறுநாள் இரவு ஒன்பது மணிக்குப் பொறுமை போய்விட்டது. துண்டில் சுற்றித் தரையில் ஒரு சாத்து. பத்தவில்லை. பூரிக்கட்டையால் நாலு. நாங்கள் இருப்பது மூன்றடுக்கு மர வீட்டின் இரண்டாம் மாடி. நடந்தாலே கீழே கேட்கும். கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுப் பாட்டி, கம்பளிச் சட்டையோடு, யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டு நிற்கிறார். என் கையில் பூரிக்கட்டை.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். உறைந்த பால் அரை லிட்டர், எட்டு ஓரியோ, மூன்று ஸ்பூன் சர்க்கரை, ஒரு கரண்டி ஐஸ்கிரீம், மிக்ஸி சுற்றக் கொஞ்சம் சாதாப் பால். கத்தி, குரல் இறங்கி, சீராக ஓடியது. பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல ஃப்ராப்" என்றார். "மில்க் ஷேக்" என்றேன். "ஃப்ராப்" என்றார். பாதி குறைந்ததும் ஜாரிலிருந்த மிச்சத்தை அவர் டம்ளரில் ஊற்றினேன். அவர் சின்ன வயதில் போன கடையில், அடித்த உலோகக் குவளையை மிச்சத்தோடு டம்ளருக்குப் பக்கத்தில் அப்படியே வைத்துவிட்டுப் போவார்களாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் பால் உடைப்பதற்கு முன் அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுகிறேன். கூட ஒரு டம்ளர் எடுத்து வைப்பேன்.

ஆக, பழகிவிட்டது. எழுபதால் பெருக்குவதை விட்டாயிற்று. கடையில் கூச்சமில்லாமல் ஃப்ராப் கேட்கிறேன். கூடவே, சாயங்காலம் ஐந்தரைக்கு விழும் மலைக்கோட்டை நிழல் எவ்வளவு தூரம் வரும் என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் திருச்சி போனபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். கடை அதே சந்தில். அண்ணனுக்குத் தலை முழுக்க நரை, என்னை அடையாளம் தெரியவில்லை. முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன். "அண்ணே, ரெண்டு ஓரியோ ஃப்ராப்."

"அதெல்லாம் நம்மகிட்ட இல்லம்மா. ஷேக்குதான். போடவா?" என்றபடி ஃப்ரீசரைத் திறந்தார். பாக்கெட்டை எடுத்துத் தரையில் ஒரு சாத்து சாத்தினார்.

மகள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "அம்மா, கீழ் வீட்டுப் பாட்டி வந்துடுவாங்க!"