டிட் யூ வென்ட்?

நேற்று மேனேஜரிடம் "ஐ டின்ட் வென்ட் சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். 'டிட்' வந்தாலே இறந்தகாலம் வந்தாச்சு, அப்புறம் வெறும் 'கோ' போதும். தெரியும்தான், வாய் கேட்பதில்லை.

இந்த 'வென்ட்' இருக்கிறதே, அது 'கோ' பெற்ற பிள்ளையே இல்லை. போவதைக் குறித்த வேறொரு பழைய வினையின் இறந்தகாலம். தத்து வந்து வீட்டையே பிடித்துக்கொண்டது. 'கட்', 'புட்' எல்லாம் நல்ல பிள்ளைகள், எந்தக் காலத்திலும் ஒரே முகம்.

யூகேஜி மகள் 'ஈட்டட்' என்கிறாள். 'ஏட்' என்று திருத்தினேன். சரி, தமிழாவது ஒழுங்காக வரும் என்று பார்த்தால், "காலைல சீக்கிரம் எழுதேன்ப்பா" என்கிறாள். எழுந்தேன் என்று சொல்லணும்மா என்றேன்.

"அப்ப, அழுந்தேனா?"