75 வாட்டுக்குள் ஒரு கார்டு

2013-இல் வாங்கிய கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரைந்து தரும் பலகை) தேடி நேற்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். கிளம்பும் முன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. பவர் சப்ளை 300 வாட்தான். கார்டுக்குத் தனியாகப் போகும் ஆறு முனை ஒயரே கிடையாது. ஆக, மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள் பிழைக்கிற கார்டுதான் நமக்கு வாய்த்தது.

முதல் கடையில் ஜிடி 1030 என்ற கார்டை எடுத்து நீட்டினார்கள். அந்த ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. டிடிஆர்4 நினைவகம் உள்ளது, ஜிடிடிஆர்5 உள்ளதைவிட மிக மந்தம். பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். டிடிஆர்4!

"எல்லாம் ஒன்றுதான் சார்."

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

ஆர்எக்ஸ் 6400 என்ற இன்னொரு கார்டுக்கு 53 வாட் போதும். ஆனால் மதர்போர்டோடு தரவு போய்வர அதற்கு நான்கே லேன்கள், அதாவது பாதைகள். என் பழைய போர்டின் ஸ்லாட் அதைவிட மெதுவான முந்தைய தலைமுறை (பிசிஐஇ 3.0) என்பதால் அதில் மூச்சு வாங்கும்.

கடைசியில் சிக்கியது, ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650. இதிலும் சிலவற்றுக்குத் தனி ஒயர் வேண்டும். அந்த சாக்கெட் இல்லாததாகப் பொறுக்கினேன். கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, மின்விசிறிச் சத்தத்தைக் காதை அருகே வைத்துக் கேட்ட பிறகே பணத்தை எடுத்தேன்.

மூடியை இன்னும் மாட்டவில்லை. ஒரு திருகாணியைக் காணவில்லை.